சங்கம் வராத திரை

1949 மே 3ஆம் தேதி நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெலுபு வட்டாரத்தில் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், மே 4ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் எஸ். ஏ. கணபதியைத் தூக்கிலிட்டார்கள். இருவரும் தமிழர், இருவரும் தொழிற்சங்கக்காரர்கள். கணபதி அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். வீரசேனன் சிங்கப்பூரில் சங்கப் பணி செய்தவர். கணபதியோடு சேர்த்தே பேசப்பட்டவர். சம்மேளனத்தை அரசாங்கம் அதற்கு முந்தைய ஆண்டே செல்லாததாக்கிவிட்டிருந்தது. ஒரு நாள் இடைவெளியில் அதன் முகங்களாக இருந்த இருவரும் போனார்கள்.

இந்த இரண்டு நாளை வைத்துப் படம் எடுக்க நினைப்பவர் கற்பனைக்கு அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. காடு இருக்கிறது, சிறை இருக்கிறது, டில்லிக்கும் லண்டனுக்கும் நடந்த அவசர முறையீடுகள் இருக்கின்றன. ரப்பர்த் தோட்டத்தைப் பின்னணியாகக் கொண்ட படங்களும் வராமல் போகவில்லை. சில பரிசு வாங்கின. ஒன்று உலகெங்கும் திரையரங்குகளை நிரப்பியது. அவற்றை வரிசையாகப் பார்த்தால் துரையின் மனைவி கதைக்கு நடுவே வந்திருக்கிறாள், படிக்கத் துடிக்கும் பெண் வந்திருக்கிறாள், குண்டர் கும்பலின் தலைவன் வந்திருக்கிறான். தோட்டத்து மக்கள் எதை வைத்துத் தங்கள் உரிமையை வாங்கினார்களோ, அந்தச் சங்கம் மட்டும் ஓரமாகவே நிற்கிறது. ஏன் என்பதுதான் என் கேள்வி. பதிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாதிக் காரணம் தணிக்கை, மீதிப் பாதி நம்முடைய ரசனை.

முதலில் வீரசேனன் இறந்த வட்டாரம். சிரம்பானிலிருந்து புக்கிட் தங்காவின் வளைவுகளில் ஏறி இறங்கினால் கோலா கிளாவாங் வரும். அதுவே ஜெலுபுவின் தலைமை ஊர். ஈயமும் ரப்பரும் இருந்த மலைப்பாங்கான வட்டாரம்; அதற்கப்பால் பகாங் காடு. மாநிலத்தின் மேற்குப் பக்கம் வேறு மாதிரி. லாபு, நீலாய், ரந்தாவ், லிங்கி, போர்ட் டிக்சன் என்று கடற்கரை வரை தோட்டம் தோட்டமாக நீண்டது. அங்கே நாள் எப்படித் தொடங்கும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார், மேற்பார்வையாளரான தண்டல் மரவரிசையை நிரை நிரையாகப் பிரித்துக் கொடுப்பார், மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் மங்கு கவிழ்ந்திருக்கும். வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, பிறகு பாலெடுத்து, காண்டா வாளியைத் தோளில் போட்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே கிராணி, கங்காணி, தண்டல் என மூன்று படி. தொழிலாளி நேரே வாய் திறந்து எதையும் கேட்க அந்த ஏற்பாட்டில் வழியே வைக்கவில்லை.

கேட்கத் தொடங்கியது 1941இல். அதற்கு முன்கதை உண்டு. 1920களின் இறுதியில் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வகுத்த நிலையான கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தத்தில் அதையும் வெட்டினார்கள். பின்னர் ரப்பர் விலை ஏறியபோது கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. இந்திய அரசு 1938இல் மலாயாவுக்கு உதவிபெற்றுக் குடியேறுவதையே நிறுத்தியது. ஐரோப்பாவில் போர் மூண்டதும் ரப்பருக்குக் கிராக்கி கூடியது. பக்கத்து நிரையில் அதே மரத்தை வெட்டும் சீனத் தொழிலாளிக்குக் கூலி அதிகம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் இதையெல்லாம் ஒரு கோரிக்கைப் பட்டியலாக்கினார். அவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர்.

அந்தப் பட்டியலைப் படித்தால் ஒரு திரைக்கதையே உள்ளே இருப்பது தெரியும். சீனருக்குச் சமமான கூலி வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் துரைமாரும் அதிகாரிகளும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிக்கு ஒழுங்கான மருத்துவமும் வேண்டும். உறவினரும் நண்பரும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்துபோகத் தடை கூடாது. பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும். இவற்றோடு இன்னொன்று: துரையோ அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

எனக்கு அந்தக் கடைசிக் கோரிக்கையிலேயே கண் நிற்கிறது. கூலி உயர்வைக் காட்ட ஒரு படத்துக்கு வசனம் தேவைப்படும். சைக்கிளுக்கு வசனமே வேண்டாம். செம்மண் சாலை, எதிரே ஒரு கார், ஒரு மனிதன் இறங்குகிறான். இன்னொரு நாள் அதே சாலை, அதே கார், அவன் இறங்கவில்லை. குடிமை உரிமைப் போராட்டம் என்று பாடநூல்கள் எழுதுவதன் முழுப் பொருளும் அந்த இரண்டு காட்சிக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸின் கதையை உலகம் அறியும். அது நடந்தது 1955 டிசம்பரில். சிலாங்கூர்த் தோட்டங்களில் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள் அதற்குப் பதினான்கு ஆண்டு முந்தியவர்கள். அவர்களின் பெயர் எந்தத் தலைப்பெழுத்திலும் ஓடவில்லை.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார். வேலைநிறுத்தம் பரவியது, நெகிரி செம்பிலான் தோட்டங்களையும் தொட்டது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பலர் சிறைப்பட்டார்கள், நாதனை இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் வந்துவிட்டதால் 1941 வேலைநிறுத்தம் பெரிய போரின் நிழலில் மறைந்துபோயிற்று.

கணபதி எழுந்தது அந்தப் போருக்குப் பின். தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறு வயதிலேயே கடல் கடந்து வந்தவர். இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி கொடுத்தவர், மலாயா கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர், ‘முன்னணி’ என்ற தமிழ் ஏட்டோடு தொடர்புடையவர். 1947இல் சம்மேளனத் தலைவரானார். சம்மேளனத்தின் சொந்தக் கணக்கில் அப்போது அதற்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். துறைமுகம், சுரங்கம், ரயில், தோட்டம் என்று எல்லாத் தொழிலும், சீனர் தமிழர் மலாய்க்காரர் என்று எல்லா இனமும் அடங்கிய அமைப்புக்கு ஒரு தமிழர் தலைவர். மலேசிய அரசியலை இனவாரியாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது இன்று நம்ப முடியாத செய்தியாகத் தோன்றும்.

1948 ஜூனில் சட்டம் மாறியது. பல தொழில்களை ஒன்றாகக் கட்டும் சம்மேளனத்துக்கு இடமில்லை. சங்கப் பொறுப்பில் இருப்பவர் அதே தொழிலில் குறைந்தது மூன்று ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும். சில நாளில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொலை, அதைத் தொடர்ந்து நாடு முழுக்க அவசரகாலம். ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்ற விதியும் வந்தது. 1949 மார்ச் 1ஆம் தேதி ரவாங் அருகே கணபதி பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா. மார்ச் 15இல் தீர்ப்பு. துப்பாக்கி எப்படி அவர் கைக்கு வந்தது என்பதில் அன்றே இரண்டு கதை இருந்தது. நேரு அரசு தலையிட்டது. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனனும் முயன்றார். பலிக்கவில்லை. பிடித்ததிலிருந்து தூக்கிலிட்டது வரை இரண்டு மாதமும் சில நாளும்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சேர்க்காமல் இருக்க முடியவில்லை. ஜொகூரில் சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழர் மீதும் இதே அவசரகால விதியில் ஆயுத வழக்கு நடந்தது, மரண தண்டனை விதித்தார்கள். அவர் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டில் ஒரு விசாரணையில் விடுவித்துவிட்டு, மறு விசாரணையில் அதே தோட்டாவைப் பற்றிய வாக்குமூலத்தை ஆதாரமாக்கியது தவறு என்று 1950இல் தண்டனையை ரத்து செய்தார்கள். அந்தத் தீர்ப்பு இன்றும் காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்களில் மேற்கோளாகிறது. கணபதிக்குக் கிடைக்காத கால அவகாசம் சாம்பசிவத்துக்குக் கிடைத்தது என்று சொல்லலாம். நீதிமன்றப் படம் எடுப்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த நாளின் கேமரா யார் கையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மலாயன் ஃபிலிம் யூனிட் 1946இல் தொடங்கியது. அவசரகாலத்தில் அது எடுத்த செய்திப் படங்களையும் பிரச்சாரப் படங்களையும் தகவல் இலாகா வேன்கள் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோயின. திடலில் வேன் நிற்கும், திரை கட்டுவார்கள், ஒலிபெருக்கி தமிழில் பேசும், லயத்து ஜனம் பாயோடு வந்து உட்காரும். சில இடங்களில் காட்டிலிருந்து வந்து சரணடைந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களையே மேடையேற்றிப் பேசவைத்தார்கள். அதே சமயம் பல தோட்டங்களில் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, அரிசிக்கு அளவு, இரவில் ஊரடங்கு. சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் உடலைப் படமெடுத்து ஆளை அடையாளம் காண்பது காவல்துறையின் வழக்கம். ஆக, காட்டுக்குப் போன தோட்டத்துத் தலைவர்களைப் பார்த்த கேமரா பெரும்பாலும் அதிகாரத்தின் கேமராவாகவே இருந்தது. பேசிக்கொண்டிருக்கும் கணபதியைக் காட்ட நம்மிடம் படச்சுருள் இல்லாத வெறுமை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிரிட்டிஷ் சினிமாவும் உடனே களத்தில் இறங்கியது. கென் அனாகின் இயக்கிய ‘தி பிளாண்டர்ஸ் வைஃப்’ 1952இல் வந்தது. கிளாடெட் கோல்பர்ட்டும் ஜாக் ஹாக்கின்ஸும் நடித்தார்கள். ரப்பர்த் தோட்டத்துத் துரையும் அவர் மனைவியும் காட்டிலிருந்து வரும் தாக்குதலை எதிர்த்து நிற்பதே கதை. மலாயாவில் நிலைமை ஆபத்தாக இருந்ததால் வெளிப்புறக் காட்சிகளில் கணிசமானவற்றை இலங்கையில் எடுத்தார்கள். மலாயாத் தமிழன் வாழ்ந்த வாழ்க்கை, அவன் இல்லாத நிலத்தில், அவனுக்குப் பேச்சே இல்லாத படமாக உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் ஓர் இழை எதிர்பாராத இடத்தில் திரைக்கு வந்தது. வாட்டாக்குடி இரணியன் பட்டுக்கோட்டைப் பக்கத்தவர். சிறு வயதில் சிங்கப்பூர் போனவர், இந்திய தேசிய ராணுவத்தோடும் தொழிற்சங்கத்தோடும் தொடர்பு கொண்டவர், கணபதியின் வட்டத்தில் பேசப்படுபவர். ஊர் திரும்பி, தஞ்சைப் பண்ணையார்களுக்கு எதிராக விவசாயத் தொழிலாளரைத் திரட்டினார். 1950 மே 5ஆம் தேதி போலீஸ் அவரைச் சுட்டது. கணபதி இறந்து ஓராண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தது. 1999இல் வின்சென்ட் செல்வா இயக்கத்தில் முரளி நடித்து ‘இரணியன்’ வந்தது. அந்தப் படத்தின் களம் தஞ்சை வயல். வணிகப் படத்துக்குரிய காதலும் பாட்டும் சண்டையும் அதில் உண்டு. சங்கம் என்ற சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்த மலாயாவுக்கு அதில் உரிய இடம் தரப்படவில்லை என்பது என் கருத்து.

மலேசியாவிலேயே எடுத்த படங்களில் தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) முன்னோடி. 1960களின் ரப்பர்த் தோட்டம், பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு பெண், கையில் இருக்கும் காசுக்கும் அந்த ஆசைக்கும் உள்ள தூரம். நட்சத்திரம் இல்லை, அடிதடி இல்லை. மலேசியத் தமிழ்ப் படம் ஒன்று வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களுக்குப் போனதே அன்று செய்தியானது. லயத்து வாசலை அதுபோல நிதானமாகப் பார்த்த படம் குறைவு. ஆனால் அதன் துயரம் ஒரு குடும்பத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது.

பிறகு 2016 ஜூலையில் ‘கபாலி’. பா. இரஞ்சித் இந்த வரலாற்றை ஓரளவு தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறார் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. இளம் கபாலி தோட்டத்தில் எழும்புவதே சீனருக்குச் சமமான கூலி கேட்டுத்தான். 1941 பட்டியலின் முதல் கோரிக்கை அது. அவனை வளர்த்துவிடும் தலைவர் பாத்திரத்தின் பெயர் தமிழ்நேசன். நாதன் வேலை பார்த்த நாளிதழின் பெயரும் அதுவே. இது திட்டமிட்டதா, தற்செயலா என்பதைப் படம் சொல்லவில்லை. மலேசிய வாசகர் யாரும் அந்தப் பெயரைச் சும்மா கடந்துபோக முடியாது. சிறையில் கபாலியின் கையில் ஒய். பி. சத்தியநாராயணாவின் புத்தகம். காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டுப் போட்டதற்கும் காரணம் இருக்கிறது என்று ஒரு பேச்சு. இவ்வளவும் இருந்தும், வேலைநிறுத்தம் சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தமிழ்நேசன் போன பின் அமைப்பு ஒரு கும்பலாகிறது, எதிரே 43 என்ற இன்னொரு கும்பல், கணக்கைத் துப்பாக்கி தீர்க்கிறது. ரஜினிகாந்த் பெரட்டுக் களத்தில் நின்று நாலு வாரம் பேச்சுவார்த்தை நடத்துவதைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று தயாரிப்பாளர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ரசனை என்று முதலில் சொன்னது இதைத்தான். மலேசியாவில் ஓடிய பிரதியில் முடிவும் மாறியிருந்தது: கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்தில் காட்டினார்கள்.

சஞ்சை குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) எனக்கு இந்த வரிசையில் மிக முக்கியமான படம். 1990களின் தொடக்கம், தோட்டம் கைவிட்ட குடும்பம் புறம்போக்கில் வாழ்கிறது, அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், அடித்து வளர்க்கும் அப்பா, கும்பலில் ஒரு சித்தப்பா, போதையில் இன்னொருவர். ‘கபாலி’ கும்பலைக் கொண்டாடியதென்றால் ‘ஜகாட்’ கும்பல் எந்த வெற்றிடத்தில் முளைத்தது என்று காட்டியது. தோட்டத்தில் கோயில், பள்ளி, சங்கக் கிளை என்று ஏதோ ஒரு பிடிமானம் இருந்தது. தோட்டம் விற்றுப்போனதும் மூன்றும் போயின. படம் அந்த மூன்றாவதன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அதன் இடம் காலியாகக் கிடப்பது தெரிகிறது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப் படங்களுக்குத் தனிப் பிரிவு வைத்தபோது மலாய்த் திரைக் கலைஞர்களே எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள், ஏற்பாடு மாறியது, சிறந்த மலேசியப் படம் என்ற பரிசு ‘ஜகாட்’டுக்குக் கிடைத்தது. ஒரு தமிழ்ப் படத்துக்காக இனம் கடந்து நடந்த அந்தச் சிறு எதிர்ப்பு கணபதியின் சம்மேளனத்துக்குப் பிடித்திருக்கும்.

இனி தணிக்கை. அமீர் முகமட் 2006இல் எடுத்த ‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’ மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கின் வாழ்க்கைத் தடத்தில் ஊர் ஊராகப் போகும் ஆவணப்படம், பாட்டும் கூத்தும் கலந்தது. சின் பெங் படத்தில் வரவே இல்லை. தணிக்கை வாரியம் வெட்டில்லாமல் அனுமதித்த பிறகும் உள்துறை அமைச்சு தடை போட்டது. அடுத்த ஆண்டு அவருடைய ‘அப்பா கபார் ஓராங் கம்போங்’ படத்துக்கும் அதே கதி. ஃபாமி ரெசா 2007இல் எடுத்த ‘செப்புலு தாஹுன் செபெலும் மெர்டேக்கா’ 1947 அக்டோபர் 20 கடையடைப்பையும் மக்கள் அரசியல் சட்ட இயக்கத்தையும், அதில் கலந்துகொண்டு உயிரோடிருந்தவர்களின் வாயாலேயே சொல்லியது. திரையரங்கை நம்பாமல் கைமாறியும் இணையத்திலும் பரவியது. 2013இல் இலங்கைப் போர் பற்றிய ‘நோ ஃபயர் சோன்’ ஆவணப்படத்தைக் கோலாலம்பூரில் திரையிட்டதற்காகக் கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பின் பொறுப்பாளர் ஒருவர் மீது 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம். கணபதியைப் பற்றிப் படம் எடுக்க முதல் போடுகிறவர் இவ்வளவையும் எண்ணித்தான் பணப்பையைத் திறக்க வேண்டும்.

படம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று போதும். 1948 டிசம்பரில் பத்தாங் காலி அருகே ஒரு தோட்டத்தில் 24 சீனத் தொழிலாளரைப் பிரிட்டிஷ் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் கொன்றார்கள். 1992இல் பிபிசி ‘இன் கோல்ட் பிளட்’ என்று ஆவணப்படம் எடுத்தது. குடும்பத்தினர் நீதி கேட்டு பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015இல் விசாரணைக் கோரிக்கை தோற்றது; ஆனாலும் அந்தக் கொலை இன்று பதிவான வரலாறு. ஜெலுபுவில் வீரசேனன் எப்படி இறந்தார் என்று எந்த நீதிமன்றத்திலும் யாரும் கேட்கவில்லை.

வீர வணக்கப் படம் எடுத்துவிடுவதும் ஆபத்துதான். காட்டிலிருந்தவர்கள் கிராணிகளையும் கங்காணிகளையும் கொன்றதும் நடந்தது; கொல்லப்பட்டவர்களில் தமிழரும் உண்டு. கணபதி கம்யூனிஸ்ட் என்பதை மழுப்பி, வெறும் ‘இனமானத் தலைவர்’ ஆக்கிக் காட்டுவது அவரை இன்னொரு முறை கொல்வதற்குச் சமம். அதேபோல, சட்டத்துக்குள் நின்று வேலை செய்தவர்களைத் துரோகி என்று ஒரே வரியில் தள்ளுவதும் எளிது. பி. பி. நாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் பிறந்தவர். போருக்குப் பின் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் தொடங்கி, 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார். 1962இல் மகசேசே விருது; 1975 முதல் 1992 வரை உலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். அவருடைய ஆயுதம் மேசை. ரப்பர் விலையோடு கூலியைப் பிணைத்த ஒப்பந்தங்கள் விலை ஏறியபோது கை கொடுத்தன, இறங்கியபோது கழுத்தை நெரித்தன. மாதச் சம்பளம் என்ற பழைய கனவு ஒரு வடிவத்துக்கு வந்தது 2013இல், தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியம் நடப்புக்கு வந்தபோதுதான். சங்கம் மென்மையாகிவிட்டது என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. 1949இல் கடுமையாக இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மென்மையின் காரணம் புரியும். காட்டுக்குப் போனவரும் மேசைக்குப் போனவரும் ஒரே பெரட்டுக் களத்திலிருந்து கிளம்பிய மக்களுக்காகவே பேசினார்கள். ஒரு நல்ல படம் இருவரையும் ஒரே சட்டகத்துக்குள் நிறுத்தும்.

வெளியுலகத்திலும் தலைவர்கள் சும்மா திரைக்கு வந்துவிடவில்லை. ஏவா டுவெர்னே ‘செல்மா’ (2014) எடுத்தபோது மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சுகளுக்கான உரிமை வேறொரு தயாரிப்புக்குப் போயிருந்தது. கிங் பேசாத சொற்களில் கிங்கைப் பேசவைத்தார். ஜப்பார் பட்டேலின் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ 2000இல் முடிந்தும் தமிழில் திரைக்கு வர 2010 ஆயிற்று. அங்கே உரிமைச் சிக்கலும் விநியோகச் சிக்கலும். நமக்கு அடிப்படையே ஆட்டம்: பேச்சுகளின் ஒலிப்பதிவு கிடையாது, சங்கக் கூட்டங்களின் படம் கிடையாது, நேரில் பார்த்தவர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

இடமும் போய்க்கொண்டிருக்கிறது. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, எண்ணெய்ப்பனை போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. செனவாங்கிலும் நீலாயிலும் இன்று தோட்டத்தைத் தேட வேண்டும். லாபு தோட்டம், கெர்பி தோட்டம், செனவாங் தோட்டம் என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில்தான் பல தோட்டங்கள் எஞ்சியிருக்கின்றன. அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குக் ‘கபாலி’ தெரியும். வீரசேனன் பெயரைச் சொன்னால் எத்தனை பேர் கை தூக்குவார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே இயக்குநர்களிடம் கேட்பதற்கு முன் ஒரு கோரிக்கையை ஜெலுபு, லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துக் குடும்பங்களிடம் வைக்கிறேன். தாத்தாவின் தகரப் பெட்டியில் சங்கச் சந்தா அட்டை, கூட்ட நோட்டீஸ், சம்பளச் சீட்டு, மே தினத்தில் எடுத்த குழுப் படம் ஏதாவது கிடந்தால் வீடு மாறும்போது வீசிவிடாதீர்கள். கைபேசியில் படமெடுத்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, நிற்பவர் யார் என்று எழுதிவைத்து, அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கோ நூலகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள். வீட்டில் 80ஐத் தாண்டியவர் இருந்தால் இந்த வாரமே உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். சம்பளம் எவ்வளவு வந்தது, சந்தா யார் வசூலித்தார், வேலைநிறுத்தம் என்றால் எத்தனை நாள் சோறு இல்லாமல் இருந்தீர்கள், துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கினீர்களா என்று கேளுங்கள். நாளை இதைப் படமாக்க வருகிறவருக்கு அந்தப் பதிவு வேண்டும்.